தொடக்கமே இல்லாத வசனம்: யாராவது விளக்க முடியுமா?

வணக்கம் அண்ணன்மாரே, அக்காமாரே. சுங்கை சிப்புட் தோட்ட மண்டபத்தில் படிவம் நான்கு பிள்ளைகளோடு வாராவாரம் அறிவியல் பேசுகிறோம். போன வாரம் ‘டாக்டர் ஹூ’ என்ற பிரிட்டிஷ் காலப்பயணத் தொலைக்காட்சித் தொடரின் 2007 ‘பிளிங்க்’ அத்தியாயம்.

1969இல் மாட்டிக்கொண்ட காலப்பயணி டாக்டர், பிற்காலத்தில் வாழும் சேலி என்ற பெண் கொடுத்த தாளைப் பார்த்துப் பேசிப் பதிவு செய்கிறார். அந்தத் தாளோ அதே பதிவைப் பிற்காலத்தில் கேட்டு எழுதியது! அப்படியென்றால் வசனத்தை முதலில் யோசித்தது யார்? ஒரு மாணவி விடவே இல்லை, நல்ல கேள்வி.

தாத்தா முரண்பாட்டை (பழைய காலத்துக்குப் போய்த் தாத்தாவைக் கொன்றால் நாம் எப்படிப் பிறந்திருப்போம் என்ற சிக்கல்) வெண்பலகையில் வரைந்து காட்டிவிடலாம். இதில் எதுவும் முரண்படவில்லை, தொடக்கம்தான் இல்லை. காலப்பயணத்தில் முரண்பாடான நிகழ்வு நடக்கவே முடியாது என்று சொல்லும், இயற்பியலாளர் நோவிக்கோவின் தன்னிசைவுக் கொள்கையும் இதைத் தடுக்காது. ஆனால் தகவல் எங்கிருந்து பிறந்தது?

இயற்பியல் படித்தவர்கள், அடுத்த சந்திப்புக்குள் எளிய தமிழில் விளக்குங்களேன். படம் இருந்தால் ரொம்ப நல்லது. வாட்ஸ்அப் குரல்பதிவாக இருந்தாலும் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டுகிறேன்.