ஃபூரி கூரி தொடர்ச்சிகளைப் பார்க்கலாமா? உதவுங்கள்

வணக்கம். 2000-01இல் வந்த ஃபூரி கூரி என்ற ஜப்பானிய அனிமேவின் (அசைவூட்டத் தொடர்) ஆறு பாகங்களையும் பார்த்து முடித்துவிட்டேன். மாபாசே என்ற ஊரில் பன்னிரண்டு வயது நாவோதா, வெஸ்பா ஸ்கூட்டரில் வந்து பேஸ் கிட்டாரால் அவன் மண்டையில் அடிக்கும் ஹருகோ, நெற்றியிலிருந்து முளைக்கும் ரோபோக்கள்! கதை பாதி புரியவில்லை. ஆனால் பெரியவன்போல் காட்டிக்கொள்ளும் அந்தப் பையனின் தவிப்பு அப்படியே புரிந்தது.

இப்போது தொடர்ச்சிகளில்தான் குழப்பம். 2018இல் ப்ரோக்ரெசிவ், ஆல்டர்நேட்டிவ் என்று இரண்டு வந்திருக்கின்றன. முதல் தொடரை இயக்கிய கசுயா சுருமாகி இவற்றை இயக்கவில்லை, நாவோதாவும் நாயகன் இல்லை. ப்ரோக்ரெசிவில் ஹிதோமி, ஆல்டர்நேட்டிவில் கானா என்று பள்ளி மாணவிகள்தான் மையம். தி பில்லோஸ் என்ற ராக் இசைக்குழுவின் பாட்டு மட்டும் தொடர்கிறது (எனக்கு அதுவே பாதி காரணம்).

ரசிகர்களில் ஒரு சாரார் பழைய பைத்தியக்காரத்தனம் இதில் இல்லை, வெறும் நகல் என்கிறார்கள். இன்னொரு சாரார் ஆல்டர்நேட்டிவைத் தனிக் கதையாகப் பார்த்தால் மனதைத் தொடும் என்கிறார்கள். 2023இல் இதே வரிசையில் வந்த கிரஞ்ச் என்ற தொடர், கணினி வரைகலைக்காகவே நிறையத் திட்டு வாங்கியது. அதை இப்போதைக்கு விட்டுவிடுகிறேன்.

பார்த்தவர்கள் சொல்லுங்கள்: ஆல்டர்நேட்டிவை மட்டும் பார்த்தால் போதுமா, ப்ரோக்ரெசிவ் பார்க்காவிட்டால் ஏதாவது புரியாமல் போகுமா? அப்புறம், ஹருகோவின் குணம் பிற்பாடு மாறிவிடுகிறதா? தயவுசெய்து முடிவை மட்டும் உடைத்துவிடாதீர்கள்.