இன்ஜின் மாற்றிய பழைய வேன்: உங்களைப் படுத்திய அனுபவம் உண்டா?

பாசிர் பாஞ்சாங் லோடு

சிங்கப்பூரில் ஓடும் டொயோட்டா ஹையேஸ் வேன், 2008 வண்டி, டூகேடி டீசல் இன்ஜின். பழைய இன்ஜின் போய் ஹாஃப்கட் இன்ஜின் (பாதியாக வெட்டி விற்கும் பழைய வண்டியிலிருந்து எடுத்தது) போட்டாச்சு. அது ஏன், எப்படி என்று இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

பல மாடிக் கார்ப்பேட்டையில் சரிவான இடம் கிடைத்து, மூக்கு மேலே பார்க்க நிறுத்தினால் விடியற்காலையில் ஸ்டார்ட் ஆகாது. சமதரையில் நிறுத்திய நாளில் ஒரு சாவியில் பிடித்துக்கொள்ளும். மொத்தச் சந்தையிலிருந்து கீரைக்காரர் போன் மேல் போன். பேட்டரியை மாற்று, குளோ பிளக்கை மாற்று என்று ஒரு சுற்று முடிந்தது. அப்புறம் பட்டறையில் "டீசல் பம்ப் போச்சு" என்று ரெண்டாயிரம் வெள்ளிக்குக் கிட்ட எழுதிக் கொடுத்தார்கள்.

சுங்கை காடுட் பக்கம் தனியாக வேலை பார்க்கும் ஒரு பெரியவரிடம் கொண்டுபோனேன். அவர் சீட்டைத் தூக்கவே இல்லை. டீசல் ஃபில்டர் தலையில் இருக்கும் கைப்பம்பைக் கட்டைவிரலால் அழுத்தினார். நாலு அழுத்தில் இறுக வேண்டியது, தொளதொளவென்று உள்ளே போய்க்கொண்டே இருந்தது. ஃபில்டருக்கும் பம்புக்கும் நடுவே ஒளி புகும் பிளாஸ்டிக் குழாய் ஒன்றை மாட்டி, "ஸ்டார்ட் பண்ணு" என்றார். டீசலோடு குமிழி. சிறிது சிறிதாக, வரிசையாக, நிற்காமல்.

டேங்கிலிருந்து வரும் ஹோஸ் ஒரு அளவு, இந்த இன்ஜினோடு வந்த குழாய் வேறு அளவு. சொருகி, கிளிப் போட்டு நெரித்திருக்கிறார்கள். பம்ப் உறிஞ்சும் பக்கம் என்பதால் டீசல் வெளியே சொட்டாது, காற்று மட்டும் உள்ளே போகும். மூக்கு மேலே இருந்தால் ராத்திரியோடு டீசல் டேங்குக்கே திரும்பிவிடும். தரையில் ஒரு சொட்டு ஈரம் இல்லாததால் யாருக்கும் சந்தேகமே வரவில்லை.

ஹோஸ், ரெண்டு கிளிப், அவ்வளவுதான் செலவு. ரெண்டாயிரம் கேட்டவர் அந்தக் கைப்பம்பை ஒரு தடவை விரலால் தொட்டுப் பார்த்திருக்கலாமே?

அர்வன் ஓட்டி

அண்ணே, உங்களுக்குக் காற்று. சரி. ஆனால் இதைப் படித்துவிட்டு எல்லாரும் ஹோஸைப் பிடுங்கிக்கொண்டிருக்கக் கூடாது. இன்ஜின் மாற்றிய வண்டியில் முதலில் பார்க்க வேண்டியது எர்த் வயர்.

கேபிஇ விரைவுச்சாலைச் சுரங்கத்துக்குள் நுழைந்து விளக்கைப் போட்டேன். வெப்பமானி முள் சரசரவென்று சிவப்புப் பக்கம் ஏறியது. பின்னால் லாரி, ஒதுங்க இடமில்லை. பயத்தில் ஏர்கானை அணைத்தேன், முள் கொஞ்சம் இறங்கியது. வெளியே வந்து விளக்கை அணைத்ததும் பழைய இடத்துக்கே வந்துவிட்டது. விளக்கைப் போட்டால் இன்ஜின் சூடாகுமா? ரேடியேட்டரில் கை வைத்தேன், சாதாரணச் சூடுதான்.

இன்ஜினை இறக்கி ஏற்றியவர்கள் இன்ஜின் பிளாக்குக்கும் வண்டிச் சட்டத்துக்கும் (சேஸிஸ்) நடுவே இருக்க வேண்டிய பட்டையான எர்த் வயரைத் திரும்ப மாட்டவில்லை. ஆல்டர்னேட்டர் கொடுக்கும் கரண்ட் திரும்பி வரச் சரியான வழி இல்லை. விளக்கு, ஏர்கான் என்று சுமை ஏற ஏற சென்சார் பொய் சொல்கிறது. ஸ்டார்ட்டரும் முனகித்தான் சுற்றும். மல்டிமீட்டரில் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவிலும் இன்னொன்றை இன்ஜின் பிளாக்கிலும் வைத்து ஸ்டார்ட் பண்ணச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த்தில்தான் கோளாறு.

அந்த முள்ளை நம்பி ஒரு பட்டறையில் தெர்மோஸ்டாட், வாட்டர் பம்ப் ரெண்டையும் மாற்றியிருந்தார்கள். கழற்றிய பழைய பம்பைக் கேட்டேன், கொடுக்கவில்லை.

உபி எலெக்ட்ரிகல்

என் கதை சின்னது. இன்ஜின் மாற்றியதும் ஐடிலில் கடகடவென்று தட்டல், வெள்ளைப் புகை. இன்ஜின் வேறு, அதைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியூ பழையது. இன்ஜெக்டர் தலையில் பொறித்திருக்கும் நீளமான குறியீட்டு எண்ணை ஸ்கேனர் வழியாக ஈசியூவில் ஏற்றவே இல்லை. ஏற்றியதும் தட்டல் அடங்கியது.

அர்வன் தம்பி சொல்வதை ஒப்புக்கொள்ள மாட்டேன். எல்லாவற்றுக்கும் எர்த் என்றால் நாங்கள் எதற்கு? பாசிர் பாஞ்சாங் அண்ணன் வண்டி சமதரையில் ஒழுங்காகப் பிடிக்கிறது. எர்த் கோளாறு என்றால் சரிவு பார்த்தா வரும்?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், யாரும் கேட்கவில்லை என்றாலும். இன்ஜின் மாற்றினால் அந்த எண் நிலப் போக்குவரத்து ஆணையப் பதிவில் இருக்க வேண்டும். பட்டறைக்காரர் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிடாமல் நீங்களே சரிபாருங்கள். பத்து வருடம் தாண்டிய சரக்கு வண்டியை ஆறு மாதத்துக்கு ஒரு தடவை சோதனைக்குக் கொண்டுபோக வேண்டும், புகை அங்கேயே தெரிந்துவிடும். சோதனைக்கு முந்தின நாள் ஏர் ஃபில்டரை மாற்றுங்கள், வண்டியை நன்றாகச் சூடேற்றிக் கொண்டுபோங்கள். அதற்காக வீட்டுப் புளோக்குக்குக் கீழே நிறுத்தி இன்ஜினை ஓடவிடாதீர்கள், அதற்குத் தனியாக அபராதம். ஹாஃப்கட் வாங்கும்போது இன்ஜினை மட்டும் வாங்காதீர்கள். ஈசியூ, வயரிங், சென்சார் எல்லாம் ஒரே வண்டியிலிருந்து வரட்டும். இருபது வருடத்தில் சரக்கு வண்டி எப்படியும் போய்த்தான் ஆக வேண்டும். 2008 வண்டிக்கு இவ்வளவு செலவு தேவையா, யோசியுங்கள்.

பாசிர் பாஞ்சாங் லோடு

யோசிப்பதற்கு என்ன இருக்கிறது அண்ணே? சரக்கு வண்டிக்கான சி பிரிவு சிஓஇ (வண்டி உரிமைச் சான்றிதழ்) விலையை நீங்கள் பார்ப்பதில்லையா?

ஈசூன் கேட்டரிங்

விலைச் சண்டையை அப்புறம் வைத்துக்கொள்ளலாம். எனக்கும் டூகேடிதான். சிவப்பு விளக்கைப் பார்த்து வேகம் குறைத்தால் இன்ஜின் பொசுக்கென்று அணைந்துவிடும். ஐடில் ஏறி இறங்கும். ஒரு தடவை பிஐஇ விரைவுச்சாலை வெளிவழியில் நின்றேவிட்டது, பின்னால் நூறு பேருக்குச் சாப்பாடு. விரைவுச்சாலை மீட்பு வண்டி வந்து பக்கத்துக் கார்ப்பேட்டைக்குக் காசு வாங்காமல் இழுத்துப்போனது, அதுவரைக்கும் நல்லது. பிரியாணியை டாக்சியில் ஏற்றும்போது அந்த ஓட்டுநர் டேக்சாவைத் திறந்து முகர்ந்து பார்த்துவிட்டு, "கல்யாணமா?" என்று கேட்டார். சிரிப்பதா அழுவதா தெரியவில்லை.

ஸ்கேனரில் பி1229 என்ற கோளாறுக் குறியீடு வருகிறது. டீசல் பம்பில் டீசல் அளவைக் கட்டுப்படுத்தும் எஸ்சிவி வால்வு என்கிறார்கள். புதுசு போட்டாச்சு, கொஞ்ச நாள் நன்றாக ஓடி மறுபடியும் அதே கதை. லோடு அண்ணே, அந்தப் பெரியவர் ஞாயிற்றுக்கிழமை கடை திறப்பாரா? உங்கள் குழாய்ச் சோதனையை என் வண்டியில் யாருமே செய்து பார்க்கவில்லை.