ஜன்னல் தொட்டிக்குத் தொங்கும் செடி சொல்லுங்களேன்

மேற்குப் பார்த்த ஜன்னலுக்கு வெளியே 3 அடி நீளத் தொட்டி மாட்டியிருக்கிறேன். ஆழம் 8 அங்குலம்தான். மதியத்துக்கு மேல் வெயில் நேராக அடிக்கும். முதலில் மணி பிளான்ட் வைத்தேன். பத்தே நாளில் இலை ஓரமெல்லாம் காகிதம் போலக் காய்ந்து சுருண்டது. நிழல் செடியை வெயிலில் வைத்தது என் தப்புதான். அப்புறம் டேபிள் ரோஸ். வெயிலைத் தாங்குகிறது, நன்றாகவே பூக்கிறது. ஆனால் சாயங்காலம் நான் வீடு திரும்புவதற்குள் பூவெல்லாம் மூடிக்கொள்கிறது! விளிம்பைத் தாண்டி ஒரு சாண்கூடத் தொங்கவில்லை.

எனக்கு இரண்டடியாவது தொங்க வேண்டும். சர்க்கரைவள்ளிக் கொடி வைக்கலாமா? கிழங்கு விட்டால் தொட்டியையே அடைத்துவிடுமோ என்று பயம். தொங்கும் பெட்டூனியா வளர்த்தவர்கள், இந்த நீளத்துக்கு எத்தனை நாற்று வைக்கலாம், தினமும் தண்ணீர் விட வேண்டுமா என்று சொல்லுங்கள். கீழ்வீட்டுத் துணிக்கொடியில் சொட்டக் கூடாது, அது வேறு.