புதுப்பிப்பு: அம்பாசடர் டீசல் தட்டல் சத்தம் – பிக் எண்ட் பேரிங்தான்

பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. காரைக்குடியில் ஓடும் எங்கள் பழைய அம்பாசடர் டீசலில், இஞ்சின் சூடானதும் அடியிலிருந்து தட்டல், ஐடிலில் (ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் ஓடும்போது) ஆயில் விளக்கு மினுக்கல் என்று கேட்டிருந்தேன். காரணம் பிக் எண்ட் பேரிங், அதாவது பிஸ்டனின் ராட் கிராங்க் ஷாஃப்டைப் பிடிக்கும் இடத்திலுள்ள தாங்கி. இப்போது சரியாகிவிட்டது.

கை கொடுத்தது, இன்ஜெக்டர் பைப் (ஒவ்வொரு சிலிண்டருக்கும் டீசல் கொண்டுபோகும் குழாய்) நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்திப் பார்க்கச் சொன்ன யோசனைதான். மூன்றாவதைத் தளர்த்தி அந்த சிலிண்டருக்கு டீசல் போகாமல் செய்ததும் சத்தம் நன்றாக அடங்கியது. சம்ப்பை (இஞ்சினுக்கு அடியிலுள்ள ஆயில் தொட்டி) இறக்கினால், அந்த சிலிண்டர் ராடின் பேரிங்கில் மேல்பூச்சு போய்ச் செம்பு நிறம் தெரிந்தது. ஜர்னலில் (ஷாஃப்டில் பேரிங் உட்காரும் பகுதி) நகத்தை ஓட்டினால் தடுக்கும் அளவுக்குக் கோடுகள். அப்படிப்பட்ட ஷாஃப்டில் புது பேரிங் மட்டும் போட்டால் அதையும் தின்றுவிடும்.

எதிர்பாராதது: ஆயில் பம்ப் சல்லடையில் சிலிக்கான் பசைத் துணுக்குகள். முன்பு எப்போதோ சம்ப் ஒட்டியபோது உள்ளே பிதுங்கியவை. பம்ப் நன்றாகத்தான் இருந்தது, உறிஞ்ச வழிதான் இல்லை.

கிராங்க்கை மதுரையில் 0.25 மி.மீ. கிரைண்ட் செய்து, மெலிந்த ஷாஃப்டுக்குப் பொருந்தும் அதே அளவு அண்டர்சைஸ் பேரிங் போட்டோம். கிரைண்டிங் பொடி ஷாஃப்டின் ஆயில் துளைகளில் தங்கும். பிரஷ் விட்டு, டீசலில் கழுவி, காற்றடித்த பிறகுதான் பூட்டவேண்டும். ராட் கேப்புகளை (ராடின் அடியில் பூட்டும் மூடிகள்) ஒன்றுக்கொன்று மாற்றிப் போடவும் கூடாது.

"தம்பி, உடனே ஸ்டார்ட் பண்ணிடாதீங்க" என்றார் மெக்கானிக் அண்ணன். ஸ்டாப் கேபிளை (இஞ்சினுக்கு டீசலை நிறுத்துவது) இழுத்துப் பிடித்தபடி ஸ்டார்ட்டரை விட்டு விட்டுச் சுற்றி, ஆயில் விளக்கு அணைந்த பிறகே கிளப்பினோம். அப்புறம், முதல் ஆயிலைச் சீக்கிரமே மாற்றி, உலோகத் துகள் இருக்கிறதா என்று ஃபில்டரை வெட்டிப் பார்க்கப்போகிறேன்.