சாந்தா ரோசா காடும் பண்ணை வீடும்: ஒரு நாள் போதுமா?

தெகிவளை நிலா:
பெப்ரவரி கடைசியில் கொஸ்தா ரிக்காவின் சான் ஹோசேயில் ஒரு மாநாடு. முடிய இரண்டு நாள் மிச்சம் இருக்கு. குவானகஸ்தே மாகாணத்தில் உள்ள சாந்தா ரோசா தேசியப் பூங்காவையும் அதுக்குள் இருக்கும் லா கசோனா பண்ணை வீட்டையும் பார்க்க ஆசை. அப்பாவும் வாறார், முழங்கால் நோ, கனக்க ஏறி இறங்க ஏலாது. எங்கட வில்பத்து தேசியப் பூங்கா மாதிரி ஜீப் பிடிக்க வேணுமா? அந்த நேரம் காடு காய்ஞ்சு கிடக்குமாம். போய்ப் பிரயோசனம் உண்டா?

காட்டுவழி:
தாராளமாகப் போகலாம் அக்கா, ஆனால் சான் ஹோசேயிலிருந்து ஒரே நாளில் போய்த் திரும்பப் பார்க்காதீங்கோ. குவானகஸ்தேயின் தலைநகரான லிபேரியாவுக்கே கிட்டத்தட்ட நாலு மணித்தியால ஓட்டம். முதல் நாள் பின்னேரம் லிபேரியாவில் தங்கி, அடுத்த நாள் விடிய வெளிக்கிடுங்கோ. அங்கிருந்து பெருந்தெருவில் வடக்கே 35 கிலோமீற்றர் அளவில் இடப்பக்கம் நுழைவாயில் வரும். வாயிலிலிருந்து வீட்டுக்கு இன்னும் 7 கிலோமீற்றர். பஸ்ஸில் போறவர்கள் மாட்டுப்படுவது இந்த இடத்தில்தான்: நிக்கராகுவா எல்லைப்பக்கம் போகும் பஸ் வாயிலில் இறக்கிவிட்டுப் போயிடும், மிச்சத்தை வெயிலில் நடக்க வேணும். அப்பாவோடு போவதென்றால் வாடகைக் கார்தான் சரி. வீடு வரைக்கும் சாதாரண கார் போகும், ஜீப் தேவையில்லை.

வில்பத்துவில் வாகனத்தை விட்டு இறங்க விடமாட்டார்கள். சாந்தா ரோசாவில் நடக்கத்தான் போறது. வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு கிலோமீற்றருக்கும் குறைவான சுற்றுப்பாதை ஒன்று இருக்கு, பெயர் இந்தியோ தெஸ்னூதோ. அப்பா ஆறுதலாக நடந்தால் சமாளிப்பார். வீட்டுக்குப் பின்னால் குன்றில் இருக்கும் நினைவுச்சின்னத்துக்கு நிறையப் படி. மேலே எரிமலைத் தொடர் தெரியும், நீங்கள் மட்டும் ஏறிவிட்டு வாங்கோ, அப்பா விறாந்தையில் இருக்கட்டும்.

அதே பூங்காவில் இருக்கும் நரஞ்சோ கடற்கரையை இந்தப் பயணத்தில் விட்டுவிடுங்கோ. இன்னும் 12 கிலோமீற்றர் அளவு கரடுமுரடான பாதை; உயரமான, நாலு சில்லும் இழுக்கும் வாகனம் இல்லாமல் இறங்கக் கூடாது. கடற்கரையில் குடிதண்ணீர் கிடையாது, கழிமுகத்தில் முதலை உண்டு.

ஆளுக்கு 3 லீற்றர் தண்ணீரும் சாப்பாடும் லிபேரியாவிலேயே வாங்கிக்கொள்ளுங்கோ. பதினொரு மணிக்குப் பிறகு மரத்தில் இலை இல்லாததால் நிழலே இருக்காது. காலையில் வாயில் திறந்ததுமே நடை தொடங்கினால் அதுக்கு முதல் முடிச்சிடலாம்.

பாலைப்பழம்:
"காய்ஞ்ச காடு" என்ற பயம் வேண்டாம். எங்கள் வரண்ட வலயத்துப் பாலையும் வீரையும் கருங்காலியும் வருசம் முழுக்கப் பச்சையாக நிற்கும். குவானகஸ்தேயில் டிசம்பர் முதல் ஏப்ரல் வரை மழை இல்லை, பெரும்பாலான மரம் இலையைக் கொட்டிவிடும். அதனாலேயே மிருகங்கள் தெரியும். மே மாத மழைக்குப் பிறகு காடு முழுக்கப் பச்சை, ஆனால் இலைக்குள்ளே குரங்கைத் தேட வேணும். பெப்ரவரியில் மிஞ்சியிருக்கும் நீர்நிலைப் பக்கம் வெண்முகக் குரங்கும் வெள்ளைவால் மானும் வரும்.

அந்தச் சுற்றுப்பாதைக்குப் பெயர் கொடுத்த மரத்தைக் கிட்டப் போய்ப் பாருங்கோ. செம்பு நிறப் பட்டை கடதாசி மாதிரிச் சுருண்டு உரியும், அடியில் பச்சை. இலை இல்லாத மாதங்களிலும் அந்தப் பச்சைத் தண்டு வெயிலை வைத்து உணவு தயாரிக்கும். அடுத்தது மாட்டுக்கொம்பு முள் வேலமரம். சோடி சோடியாக ஊதிய முள், நுனிக்குக் கிட்ட ஊசித்துளை, உள்ளே எறும்புக் குடியிருப்பு. மரம் இலைநுனியில் சின்ன மஞ்சள் குமிழாகத் தீனி கொடுக்கும். எறும்பு பதிலுக்குப் புழு பூச்சியை விரட்டி, அடியில் முளைக்கும் செடியையும் கடிச்சுத் தள்ளும். மரத்தைச் சுற்றி நிலம் வெறுமையாக இருந்தால் அதுதான் காரணம். கொப்பைப் பிடிச்சீங்கள் என்றால் ஒரு நொடியில் கையில் ஏறிக் குத்தும்.

கொழும்பில் நிழலுக்கு வச்ச தூங்குமூஞ்சி மரங்களுக்கும் பூர்வீகம் அந்தப் பக்கம்தான். அங்கே அது காட்டு மரமாக நிற்கும்.

பழைய ஓடு:
வீட்டைப் பற்றி. 1856 மார்ச் 20 அன்று நிக்கராகுவாவில் அதிகாரத்தைப் பிடிச்ச அமெரிக்கர் வில்லியம் வோக்கரின் கூலிப்படை இந்த வீட்டிலும் கல் பட்டிகளிலும் நிலையெடுத்திருந்தது. கொஸ்தா ரிக்காப் படை 14 நிமிசத்தில் விரட்டியது என்பார்கள். ஆகவே வீட்டுக்குள் மட்டும் நிற்காமல், மாடு அடைக்கும் அந்தக் கல் மதிலையும் சுற்றி நடவுங்கோ. சண்டை எப்படி நடந்திருக்கும் என்று அப்போதான் விளங்கும்.

இப்போ நிற்கும் கட்டடத்தில் பெரும்பகுதி புதுசு. 2001 மே மாதம் திருட்டு வேட்டைக்காரர் வைத்த தீயில் வீடு எரிஞ்சுது. அடுத்த வருசமே பழைய அமைப்பில் ஓட்டுக்கூரையோடு திரும்பக் கட்டினார்கள். காட்டுக்கும் எதிரி தீதான். மேய்ச்சலுக்குக் கொண்டுவந்த ஆபிரிக்க ஹராகுவா புல் ஆளுயரம் வளர்ந்து காயும்; தீ பட்டால் மரக்கன்று ஒன்றும் மிஞ்சாது. 1971இல் தேசியப் பூங்காவான பிறகும் நிறைய நிலம் இந்தப் புல்தான். 1980களிலிருந்து டானியல் ஜான்சென் போன்ற ஆய்வாளர்கள் தீயைத் தடுத்து, மரம் வந்து மூடும்வரை புல்லைக் குறைக்க மாட்டையே மேயவிட்டார்கள். காற்றும் மிருகமும் விதையைக் கொண்டுவந்தன. நீங்கள் நடக்கப்போகும் காட்டில் பெரும்பகுதி அப்படித் திரும்பி வந்தது. பெப்ரவரியில் காற்றும் பலம், ஒரு சிகரெட் துண்டு போதும்.

தெகிவளை நிலா:
எல்லாருக்கும் நன்றி. இலங்கைப் பாஸ்போட்டுக்கு வழியில் ஏதும் சிக்கல் வருமா?

காட்டுவழி:
கொஸ்தா ரிக்கா விசா தவிர, இடையில் இறங்கும் இடத்தையும் பாருங்கோ. ஐரோப்பாவின் ஷெங்கன் நாட்டில் விமானம் மாற மட்டும் இறங்கினாலும் எங்களுக்கு விமான நிலைய இடைமாறல் விசா வேணும். அமெரிக்கா வழியென்றால் வெளியே போகாவிட்டாலும் விசா கட்டாயம். டிக்கெட் வாங்க முதல் இதைத் தீருங்கோ. உடுப்பில் ஒன்று: உண்ணி காய்ஞ்ச புல்லில்தான் காத்திருக்கும். நீளக் காற்சட்டை, அதன் நுனி சொக்ஸுக்குள்ளே, மூடின சப்பாத்து. இரவில் குளிக்கும்போது முழங்கால் பின்பக்கத்தையும் இடுப்புப் பட்டி இடத்தையும் பாருங்கோ.