7.62 ரைஃபிளைச் சுருக்கினால் எதை இழக்கிறோம்?

கேள்வி: 7.62×51 தோட்டா சுடும் செமி-ஆட்டோ ரைஃபிளை வண்டிக்குள் வைக்கிற அளவுக்குக் குட்டையாக்கணும். பேரலை (குழலை) வெட்டுவதா, தோளில் அணைக்கிற பட் கட்டையை மடக்குவதா, இயந்திரமும் மேகஸினும் ட்ரிகருக்குப் பின்னால் இருக்கிற புல்பப் வடிவமா? எதில் நஷ்டம் குறைவு?

முதல் பதில்: என் ஓட்டு மடக்கும் கட்டைக்குத்தான். ஆனால் ஒரு கீல் வைத்ததும் முடிகிற வேலையில்லை அது. எஃப்என் ஃபால் என்ற 7.62 ரைஃபிளில் ரிகாயில் ஸ்பிரிங் (சுட்டதும் பின்னால் போகும் போல்ட்டைத் திரும்ப முன்னுக்குத் தள்ளும் சுருள்) கட்டைக்குள்ளேயே இருக்கும். மடக்குக் கட்டை வைத்த பாரா மாடலுக்காக அதை மேல்மூடிக்கு அடியில் கொண்டுவந்தார்கள். போல்ட்டைத் தாங்கி நகரும் போல்ட் கேரியரையும் மாற்ற வேண்டியதாயிற்று. ஏஆர்-10 வகை ரைஃபிளில் அந்த ஸ்பிரிங் இருக்கிற பஃபர் குழாய் பின்னால் நீட்டிக்கொண்டிருப்பதால் அங்கே இது இன்னும் சிக்கல்.

இன்னொருவர்: பேரலை ரொம்ப வெட்டாதீங்க. ஜி3 ரைஃபிளின் பேரல் 450 மி.மீ., அதன் குட்டை வகையான ஜி3கேஏ4-இல் 315. வேகம் குறைவதைக்கூடப் பொறுத்துக்கலாம். மிச்ச வெடிமருந்து குழல்முனைக்கு வெளியே எரியும்போது வரும் தீப்பிழம்பும், காதில் அறைகிற சத்தமும்தான் கொடுமை.

கேட்டவர்: அப்போ புல்பப்?

முதல் பதில் சொன்னவர்: முழுநீள பேரல் கிடைக்கும், சரி. ஆனால் சுட்ட தோட்டாவின் கேஸை (கூட்டை) வலப்பக்கம் தள்ளும் புல்பப்பை இடது தோளில் வைத்தால் சூடான காலி கேஸ் முகத்துக்கு நேரே வரும். அதைத் தவிர்க்கத்தான் கெல்-டெக் ஆர்எஃப்பி என்ற புல்பப் முன்பக்கமாகத் தள்ளுகிறது. ட்ரிகரிலிருந்து பின்னால் நீளக் கம்பி போவதால் இழுவையும் கொஞ்சம் கொழகொழவென்றுதான் இருக்கும். எதைத் தேர்ந்தெடுத்தாலும் எடையை மட்டும் ரொம்பக் குறைக்காதீங்க, 7.62-இன் உதையைத் தாங்குவதே அந்த எடைதான்.