ரெஃபியூஜியா: தமிழில் எப்படிச் சொல்வது? (கைநூல் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது)

அனுப்பியவர்: மொழிபெயர்ப்பாளர்

குழு அன்பர்களுக்கு வணக்கம்.

கால்நடை உதவியாளர்களும் சுகாதாரப் பணியாளர்களும் சேர்ந்து படிக்கும்படி எழுதப்பட்ட ஒட்டுண்ணிக் கட்டுப்பாட்டுக் கைநூல் ஒன்றை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். மற்றச் சொற்கள் எல்லாம் ஒருவாறு அமைந்துவிட்டன. ரெஃபியூஜியா மட்டும் நிற்கிறது.

பொருள் இதுதான். ஒரு மந்தைக்குக் குடற்புழு நீக்க மருந்து கொடுக்கிறோம். அந்த நேரத்தில் மருந்து எட்டாத புழுக்கள் பல இருக்கும்: மருந்து கொடுக்காமல் விட்ட ஆடுகளின் வயிற்றில், புல்லின் மேல் ஏறியிருக்கும் இளம்புழுக்களாக, புழுக்கையில் முட்டைகளாக. அவை அத்தனைக்கும் சேர்த்து ஒரே பெயர் ரெஃபியூஜியா. மருந்து பட்டும் சாகாமல் தப்பிய புழுக்களோடு இவை கலந்து பெருகுவதால் மருந்தெதிர்ப்புத் திறன் மந்தை முழுக்கப் பரவுவது தாமதப்படுகிறது.

அகராதிகளில் புகலிடம் என்று இருக்கிறது. வாக்கியத்தில் போட்டுப் பார்த்தேன்: "மந்தையில் போதிய புகலிடத்தை விட்டுவைக்க வேண்டும்." படிப்பவருக்குக் கொட்டகைதான் நினைவுக்கு வரும். வழிகாட்டுங்கள்.

அனுப்பியவர்: தமிழ்ப் பேராசிரியர் (ஓய்வு)

அம்மா, புகலிடத்தை அவ்வளவு எளிதில் தள்ளிவிட வேண்டாம். இலத்தீன் சொல்லின் வேர் ஓடுதலைக் குறிக்கிறது. தப்பி ஓடிச் சேரும் இடம் என்பது அதன் பொருள். நம் சொல்லின் வேர் புகு. ஆறு கடலுள் புகும் இடம் புகார். நிலையாகப் புகுந்து தங்கும் வீடு புக்கில். அந்தப் புக்கிலுக்கு எதிராக வள்ளுவர் வைத்த சொல்லையும் நினைத்துப் பாருங்கள்:

புக்கில் அமைந்தின்று கொல்லோ உடம்பினுள்
துச்சில் இருந்த உயிர்க்கு

துச்சில் என்றால் ஒதுங்கித் தற்காலிகமாகத் தங்கும் இடம். உடம்புக்குள் ஒண்டியிருக்கும் உயிரைப் பற்றிய குறள் இது. ஒட்டுண்ணியியலுக்கு இதைவிடப் பொருத்தமான சொல் எங்கே கிடைக்கும்? என் கணிப்பில் இதன் வேர் துஞ்சு. எஞ்சு என்பது எச்சம் ஆவதுபோலத் துஞ்சு என்பது துச்சு ஆகி, இல் சேர்ந்து துச்சில் ஆயிற்று. துஞ்சுதல் உறங்குதல், தங்குதல், செயலற்றிருத்தல். சில புழுக்கள் பருவம் சரியில்லாதபோது வளர்ச்சியை நிறுத்திவிட்டு இரைப்பைச் சுவருக்குள் உறங்கிக் கிடக்கும் என்று படித்திருக்கிறேன். அவை துஞ்சும் புழுக்கள்தாமே?

என் பரிந்துரை: துச்சில்.

அனுப்பியவர்: கால்நடை மருத்துவர்

ஐயா, வணக்கம். உறங்கும் இளம்புழு பற்றி நீங்கள் சொன்னது உண்மை. ஆடுகளின் நான்காம் இரைப்பையில் இரத்தம் உறிஞ்சும் ஹீமாங்கஸ் புழு அப்படித்தான் செய்கிறது. ஆனால் ஐவர்மெக்டின் அந்த உறங்கும் புழுவையும் கொல்லும். உறங்குவதெல்லாம் ரெஃபியூஜியா ஆகாது. விழித்துக்கொண்டு புல் நுனியில் ஏறி நிற்பதும் ரெஃபியூஜியாதான். மருந்து பட்டதா படவில்லையா என்பது ஒன்றே அளவுகோல்.

இந்தச் சொல் எனக்கு ஏன் முக்கியம் என்பதைச் சொல்லிவிடுகிறேன். தயாபெண்டசோல் என்ற குடற்புழு மருந்து 1961இல் வந்தது. 1964இலேயே அதற்கு அடங்காத ஹீமாங்கஸ் பதிவானது. மோனபான்டெல் என்ற மருந்து 2009இல் நியூசிலாந்தில் விற்பனைக்கு வந்தது. 2013இல் அங்கேயே எதிர்ப்பு பதிவானது. புது மருந்து வருவதற்கு எடுக்கும் காலத்தில் ஒரு துண்டுகூட அதைக் கெடுக்க எடுப்பதில்லை. ஒரு ஹீமாங்கஸ் பெண்புழு நாளொன்றுக்கு ஆயிரக்கணக்கில் முட்டையிடும் என்பதை மறக்கக் கூடாது.

நாங்களே ஒரு காலத்தில் கற்பித்த முறை இது: எல்லா ஆட்டுக்கும் மருந்து கொடு, உடனே புழு இல்லாத புது மேய்ச்சல் நிலத்துக்கு ஓட்டு. கேட்க நன்றாக இருக்கும். நடப்பது என்னவென்றால், மருந்துக்குத் தப்பிய புழுக்களின் முட்டைகள் மட்டுமே அந்தப் புது நிலத்தில் விழும். கலப்பதற்கு வேறு புழு அங்கே இல்லை. கடும் வறட்சியில் புல்லில் இளம்புழுவே இல்லாத நேரம் பார்த்து மொத்த மந்தைக்கும் மருந்து கொடுத்தாலும் இதே கதைதான். இதனால்தான் தென்னாப்பிரிக்காவில் ஃபமாச்சா அட்டையை உருவாக்கினார்கள். ஆட்டின் கீழ் இமையை விரலால் இழுத்து, உள்தோலின் நிறத்தை அட்டையிலுள்ள ஐந்து நிறங்களோடு ஒப்பிட வேண்டும். நல்ல சிவப்பாக இருந்தால் மருந்து வேண்டாம். வெளுத்திருந்தால் கொடு. தாடைக்குக் கீழே நீர்கோத்து வீங்கியிருந்தால் யோசிக்கவே வேண்டாம். புழுக்களில் பெரும்பகுதி எப்போதும் சில ஆடுகளின் வயிற்றில்தான் குவிந்திருக்கும் என்பதால் இது வேலை செய்கிறது.

வெளுக்காத ஆட்டுக்கு ஏன் மருந்து இல்லை என்று மேய்ப்பவர் கேட்கும்போது என் வாயில் வரக்கூடிய சொல் வேண்டும், ஐயா. துச்சில் என்றால் நான் முதலில் குறளுக்கு உரை சொல்ல வேண்டியிருக்கும். "விட்டுவைத்த புழு" என்று வைத்துக்கொள்ளலாமா? விதைக்கென்று தானியம் எடுத்துவைப்பதைப் போன்றது என்று சொன்னால் போதும், பிடித்துக்கொள்வார்கள்.

அனுப்பியவர்: தனித்தமிழ் அன்பர்

விட்டுவைத்த புழு என்பது விளக்கம், கலைச்சொல் ஆகாது. கலைச்சொல் சுருங்கியிருக்க வேண்டும். அதிலிருந்து புதுச் சொற்கள் கிளைக்க வேண்டும். பாதுகாப்பைக் குறிக்கும் ஏமம் என்ற அருமையான சொல் நம்மிடம் இருக்கிறது. "பிணியின்மை செல்வம் விளைவின்பம் ஏமம்" என்ற குறளில் பிணியின்மையோடு ஒரே வரியில் நிற்கிறது. ஏமப்புழு, ஏமத்தொகை, ஏம உத்தி என்று எவ்வளவு வேண்டுமானாலும் ஆக்கிக்கொள்ளலாம்.

அனுப்பியவர்: தமிழ்ப் பேராசிரியர் (ஓய்வு)

ஏமம் பாதுகாவலையும் குறிக்கும், இன்பத்தையும் குறிக்கும், மயக்கத்தையும் குறிக்கும், இரவையும் பொன்னையும் குறிக்கும். அறிவியலுக்கு இத்தனை பொருள் தாங்கிய சொல் உதவாது. வடமொழி க்ஷேமம்தான் சேமமாகவும் ஏமமாகவும் வந்தது என்று வாதிடுவோரும் இருக்கிறார்கள். தனித்தமிழ் என்று நீங்கள் கொண்டுவந்த சொல்லின் பிறப்பே சர்ச்சையில் இருக்கிறது.

அனுப்பியவர்: தனித்தமிழ் அன்பர்

ஐயா சொல்வதை ஏற்க முடியாது. ஏ என்னும் உயர்ச்சிப் பொருள் வேரிலிருந்து ஏமம் தமிழிலேயே பிறந்தது. உயர்ந்த இடமே பாதுகாப்பான இடம். ஏண், ஏணி, ஏந்து, ஏற்றம் எல்லாம் அந்தக் குடும்பம். பொன்னைக் குறிக்கும் ஏமம்தான் ஹேமத்தின் திரிபு. அது வேறு, இது வேறு. இரவைக் குறிக்கும் ஏமம் யாமத்தின் திரிபு. மூன்றையும் ஒரே மூட்டையாகக் கட்டுவது முறையன்று.

அனுப்பியவர்: மொழிபெயர்ப்பாளர்

இருவரிடமும் கற்றுக்கொள்கிறேன். ஆனால் எனக்கு வெள்ளிக்கிழமை என்று ஒன்று இருக்கிறது. தேக்கம் என்ற சொல் சரிப்படுமா? நோய்த்தேக்கம் என்று ஏற்கெனவே நூலில் வருகிறது.

அனுப்பியவர்: பொதுச் சுகாதார மருத்துவர்

தேக்கம் வேண்டவே வேண்டாம். அது வேறு கருத்து. ஒட்டுண்ணி நிலையாகத் தங்கியிருந்து மற்ற உயிர்களுக்குத் தொற்றக் காரணமான விலங்கோ இடமோதான் நோய்த்தேக்கம். நரம்புச் சிலந்தி எனப்படும் கினிப்புழு நோயை எடுத்துக்கொள்ளுங்கள். 1986இல் ஏறத்தாழ 35 லட்சம் பேருக்கு இருந்த நோய், 2024இல் உலகம் முழுவதும் 15 பேரிடம் மட்டுமே பதிவானது. இன்று சாட் நாட்டில் நாய்களிடம் அது தங்கியிருப்பதுதான் பெரிய தலைவலி. அந்த நாய்கள் தேக்கம். அந்த நோய்க்கு மருந்தே கிடையாது. தண்ணீரை வடிகட்டியும், புண்ணோடு நீரில் இறங்காமல் தடுத்தும் இவ்வளவு தூரம் வந்திருக்கிறோம். மருந்தே இல்லாத இடத்தில் ரெஃபியூஜியா என்ற பேச்சுக்கே இடமில்லை. இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டால் நூலின் இரண்டு அத்தியாயங்கள் ஒன்றையொன்று மறுக்கும்.

இதுவரை வந்த பரிந்துரைகளைப் படிக்கப் படிக்க எனக்கு ஒரு கவலை. இது மனிதர்களுக்குமான நூல். புகல், ஏமம் ஆகியவை புழுவுக்கு நன்மை செய்வதுபோல ஒலிக்கின்றன. விட்டுவைத்த புழு என்பதில் ஒருவர் வேண்டுமென்றே விட்டார் என்ற பொருள் வந்துவிடுகிறது. ஆட்டு மந்தையில் அது சரி. யானைக்கால் நோய்த் தடுப்பில், மொத்த மக்கள்தொகையில் குறைந்தது 65 விழுக்காட்டினர் மாத்திரையை விழுங்க வேண்டும் என்பது குறிக்கோள். ஆண்டுதோறும் மாத்திரை வாங்காமலே நழுவிவிடுகிறவர்களின் உடலில் இருக்கும் புழுக்கள்தான் எங்கள் வேலையை நீட்டிக்கின்றன. உங்களுக்கு நண்பனாக இருப்பது எங்களுக்குப் பகை. அந்த மனிதர்களை யாரும் "விட்டுவைக்கவில்லை". ஊரில் இல்லாதவர், கர்ப்பிணி, பயந்தவர், பணியாளர் எட்டிப்பார்க்காத வீட்டில் இருப்பவர். நோயுள்ள ஒரு குழந்தைக்கு, மருந்தெதிர்ப்பைத் தள்ளிப்போடுவதற்காக மாத்திரை தராமல் இருக்க எந்த மருத்துவருக்கும் உரிமை இல்லை.

அதற்காக ரெஃபியூஜியா எங்களுக்குத் தேவையற்ற கருத்து என்று சொல்லவில்லை. பள்ளிப் பிள்ளைகளுக்கு மட்டும் மாத்திரை கொடுத்தால் பெரியவர்களின் குடலிலுள்ள புழுக்கள் மருந்து படாமல் இருக்கும். 2019இல் முடிவுகள் வெளியான கென்ய ஆய்வில், ஊர் முழுவதற்கும் கொடுத்தபோது கொக்கிப்புழு இன்னும் நன்றாகக் குறைந்தது. ஆனால் ஊர் முழுவதற்கும் கொடுக்கக் கொடுக்க மருந்து படாத புழுக்களும் குறையும். எதிர்ப்பு உருவானால் அதைத் தடுத்து நிறுத்த எதுவும் மிஞ்சாது. ஆட்டுப் புழுக்களின் பீட்டா டியூபுலின் புரதத்தில் 167, 198, 200 ஆகிய இடங்களில் வந்து மருந்தெதிர்ப்பைத் தரும் மாற்றங்களை இப்போது மனிதப் புழுக்களிலும் தேடுகிறார்கள். பிள்ளைகளுக்குக் கொடுக்கும் அல்பெண்டசோலும் ஆட்டுக்குக் கொடுக்கும் மருந்தும் ஒரே குடும்பம் என்பதே காரணம். சாட்டைப்புழுவை ஒரு வேளை அல்பெண்டசோல் அரைகுறையாகத்தான் நீக்குகிறது. பூனைகளுக்கென்று வந்த எமோடெப்சைடு என்ற மருந்தைத் தான்சானியாவின் பெம்பா தீவில் மனிதர்களிடம் சோதித்து நல்ல பலன் கண்டார்கள், 2023இல் வெளியானது. அந்த மருந்தையும் வந்த வேகத்தில் இழந்துவிடக் கூடாது.

ஆகவே புகழவும் இகழவும் செய்யாத, யாருடைய நோக்கத்தையும் ஏற்றிச் சொல்லாத ஒரு பெயர் வேண்டும். நடந்ததை மட்டும் சொல்லட்டும்: மருந்துபடாத் தொகை.

அனுப்பியவர்: கால்நடை மருத்துவர்

அம்மா சொல்வது சரி. எனக்கு இது போதும். களத்தில் "மருந்து படாத புழு" என்று பிரித்துச் சொல்லிக்கொள்வேன். புத்தகத்திலும் வாயிலும் ஏறக்குறைய ஒரே சொல் இருப்பது பெரிய நன்மை.

அனுப்பியவர்: தனித்தமிழ் அன்பர்

ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். ஓடாக் குதிரை போல. இலக்கணக் குறை இல்லை. ஆனால் தொகை என்றதும் பணம்தான் நினைவுக்கு வரும். "மருந்துபடாத் தொகையைக் கணக்கிடுக" என்றால் மருத்துவச் செலவு என்று எடுத்துக்கொள்வார்கள். புழு என்பதைச் சேர்த்து மருந்துபடாப் புழுத்தொகை என்று ஆக்குங்கள். நீளம் எனக்குப் பிடிக்கவில்லை. ஏமம் என் முதல் தேர்வாகவே இருக்கும்.

இடையே ஒரு கேள்வி. ஒட்டுண்ணி என்ற சொல்லையே மறுபரிசீலனை செய்யலாமா? மாட்டின் மேல் ஒட்டியிருக்கும் உண்ணிக்கும் இதற்கும் குழப்பம் வருகிறது. குடலுக்குள் இருப்பது எதில் ஒட்டுகிறது?

அனுப்பியவர்: பொதுச் சுகாதார மருத்துவர்

கொக்கிப்புழு குடற்சுவரைக் கடித்து ஒட்டிக்கொண்டுதான் இருக்கிறது. பள்ளிப் புத்தகம் வரை பதிந்துவிட்ட சொல்லை இப்போது அசைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். ஒட்டுண்ணி தங்கும் உயிரைக் குறிக்க ஓம்புயிரா விருந்தோம்பியா என்ற பழைய இழையையும் யாரும் திறந்துவிடாதீர்கள். நூலில் ஓம்புயிர் என்றே இருக்கட்டும். புழுவை யாரும் விருந்துக்கு அழைப்பதில்லை.

அனுப்பியவர்: மொழிபெயர்ப்பாளர்

அனைவருக்கும் நன்றி. பெரும்பாலோர் ஏற்றுக்கொள்வதால் மருந்துபடாப் புழுத்தொகை என்றே போடுகிறேன். முதலில் வரும் இடத்தில் ரெஃபியூஜியா என்ற ஒலிபெயர்ப்பையும் சேர்க்கிறேன். என் வாக்கியம் இப்போது இப்படி இருக்கிறது: "மந்தையில் போதிய மருந்துபடாப் புழுத்தொகை இருக்கும்படி, இமையின் உள்தோல் வெளுத்த ஆடுகளுக்கு மட்டும் மருந்து கொடுக்கவும்." மனிதர் பற்றிய அத்தியாயத்தில், இந்தக் கருத்தைக் காரணம் காட்டி யாருக்கும் சிகிச்சையை மறுக்கக் கூடாது என்ற வரியை மருத்துவர் அம்மா சொன்னபடியே சேர்த்துவிட்டேன்.

அனுப்பியவர்: தமிழ்ப் பேராசிரியர் (ஓய்வு)

பெரும்பான்மைக்குத் தடையாக நிற்க மாட்டேன். என் மறுப்பைப் பதிவு செய்துவிடுகிறேன். ரெஃபியூஜியா புழுவோடு முடியும் சொல் அன்று. பூச்சியைக் கொல்லும் நஞ்சைத் தானே உருவாக்கும் பயிருக்கு அருகில், நஞ்சில்லாத பயிரை ஒரு பகுதியில் நடச் சொல்வதும் இதே கோட்பாடுதான். அங்கே புழுவுக்கு யாரும் மருந்து ஊட்டுவதில்லை. பனியூழிக் காலத்தில் செடிகொடிகள் தப்பிப் பிழைத்த பள்ளத்தாக்குகளுக்கும் இதே பெயர். ஆங்கிலத்தில் ஒரு சொல் மூன்று துறைகளையும் இணைக்கிறது; நாம் மூன்று சொற்களை ஆக்கி, மாணவர் அந்த உறவைக் காண முடியாதபடி செய்கிறோம். எனவே பொதுச்சொல்லாகத் துச்சிலையும், அதன் ஒரு வகையாக மருந்துபடாப் புழுத்தொகையையும் சொல்லடைவில் அடுத்தடுத்துப் போடுமாறு கேட்கிறேன். அடைவில் ஒரு வரிக்கு இடம் இருக்கும் அல்லவா?